ஓய்வூதிய ஏடுகளில் குடும்ப வரலாறு

கணக்குக்காக எழுதப்பெற்ற அரசு ஏடு குடும்ப வரலாறாகவும் பயன்படும் என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஓய்வூதிய ஆவணங்களைச் சான்றாகக் காண்போம்.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அப்போரில், வடமாநிலப் படையில் ஏறத்தாழ 179,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினர். அவருள் பலர் அடிமைகளாயிருந்தவர். அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் ஏற்காமையால், வீரர் இறந்தபின் அவர்தம் மனைவியரிடம் மணச்சான்று இல்லை. கணவன் மனைவியராக வாழ்ந்தமையையே சான்றாகக் கொள்ள 1864ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. அதனால் அயலாரும் உடன் போரிட்டோரும் அளித்த வாக்குமூலங்களில் மணமும் மகப்பேறும் பிரிவும் எழுத்தில் பதிந்தன.

இக்கோப்புகளைத் தேடப் பெயர் மட்டும் போதாது. எழுத்தர் தம் செவியிற்பட்டவாறு எழுதியதால் ஒரே பெயர் பல வடிவங்களில் வரும். விடுதலைக்குப்பின் பெயர் மாற்றிக்கொண்டோரும் உளர். இங்கு நமக்குத் துணைநிற்பவை, 1907 முதல் 1933 வரையிலான ஓய்வூதியப் பட்டுவாடா அட்டைகள். சான்றிதழ் எண், படைப்பிரிவு, வழங்கிய தொகை ஆகியவற்றை அவை தருகின்றன. தொகை நின்ற நாள் பெரும்பாலும் இறப்பைச் சுட்டும். பெயர் திரிந்தாலும் எண் திரிவதில்லை. அவ்வெண்ணே முழுக் கோப்புக்கு வழிகாட்டும்.

தம் இல்வாழ்வை அலுவலர்முன் மெய்ப்பிக்க நேர்ந்தது அக்கைம்பெண்டிர்க்குத் துயரமே. எனினும், அவர்கள் பெற்ற சிறுதொகை என்றோ செலவாயிற்று. அதன்பொருட்டு உரைத்த சொற்களே இன்று வழித்தோன்றல்களுக்கு எஞ்சிய செல்வம் என்போம்.