எழுத்தைக் காத்த தெய்வங்கள்

பண்டை நாடுகள் பலவற்றில் எழுத்து மனிதனுடைய ஆக்கமாகக் கருதப்படவில்லை. தெய்வம் தந்த கொடையாகவே போற்றப்பட்டது. அத்தெய்வங்கள் முதலில் செய்த பணி யாது என்று நோக்குவோமாயின் வியப்பே விளையும். பாட்டும் காப்பியமும் பின்னர் வந்தவை. முதலில் இருந்தது கணக்கு. நெற்களஞ்சியத்துக் கணக்கைப் போன்ற வெறுங்கணக்கு.

இன்றைய இராக் நாட்டின் தென்பகுதியே பழைய சுமேரியம். ஆங்குள்ள உரூக் என்னும் நகரத்தில், கி.மு. 3300 அளவில் எழுதப்பட்ட களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வாற்கோதுமை இவ்வளவு, ஆடு இத்தனை, வேலையாட்களுக்கு அளந்த படி இவ்வளவு என்று குறித்து வைத்தவை. இந்நாட்டார் எழுத்துக்குத் தெய்வமாகக் கொண்டவள் நிசபா. இவள் முதற்கண் தானியத் தெய்வம். இவள் பெயரை எழுதும் குறியே ஒரு செடியின் வடிவம். தானியத்தைக் காத்தவள் தானியக் கணக்கைக் காத்தாள். கணக்கைக் காத்தவள் எழுத்தைக் காத்தாள். எழுத்தைக் காத்தவளிடம் கல்வி முழுவதும் வந்து சேர்ந்தது. மண்பலகை இல்லம் என்று பெயர் பெற்ற சுமேரியப் பள்ளிகளில் மாணவர் படியெடுத்த நூல்கள் பல இவளுக்குரிய போற்றியுடன் முடிவதைக் காண்கிறோம்.

நம் நாட்டில் தட்டில் நெல்லையோ அரிசியையோ பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிக்கும் வழக்கம் உண்டன்றோ? இதனையும் நிசபாவையும் வரலாற்று முறையில் இணைக்க யான் முற்படவில்லை. அதற்குச் சான்று இல்லை. எனினும் எழுத்தும் தானியமும் இரு நாடுகளில் ஒரு தட்டிலேயே இருந்தன என்பது நினைந்து மகிழத்தக்கது.

இலகாசு நாட்டை கி.மு. 22ஆம் நூற்றாண்டில் ஆண்ட குடேயா என்னும் மன்னன் கண்ட கனவு ஒன்று உண்டு. தன் நாட்டுத் தெய்வமாகிய நின்கிர்சுவுக்குக் கோயில் எடுக்க எண்ணியிருந்த அவன் கனவில், ஒளிவிடும் உலோகத்தாலாகிய எழுதுகோலைக் கையிலேந்திய பெண்ணொருத்தி தோன்றினாள். வானத்து விண்மீன்கள் குறிக்கப்பட்ட பலகை ஒன்றை வைத்துக்கொண்டு அவள் சிந்தனையில் ஆழ்ந்திருந்தாள். விழித்தெழுந்த மன்னன் நான்சே என்னும் தெய்வத்திடம் சென்று பொருள் வினவினான். அவள் தன் தங்கை நிசபாவே என்றும், கோயில் எடுத்தற்குரிய விண்மீனை அவனுக்கு அறிவிக்கின்றாள் என்றும் நான்சே விடை பகர்ந்தாள். இச்செய்தியை மன்னன் பெரிய களிமண் உருளையில் எழுதுவித்தான். 1877இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அவ்வுருளை இன்று பாரிசு நகரத்து லூவர் காட்சியகத்தில் உள்ளது. களஞ்சியத்தில் படி அளந்தவள் வானத்தையும் அளக்கத் தொடங்கிவிட்டாள்!

இனிச் சீன நாட்டுக்குச் செல்வோம். ஆங்கு எழுத்தைக் கண்டவர் சாங்ஜியே என்பர். மஞ்சள் பேரரசர் என்னும் தொல்லரசரின் அவையில் இருந்தவர். நான்கு கண்களை உடையவர். பறவை விலங்குகளின் காற்சுவட்டை நோக்கி அவர் எழுத்துக்களை அமைத்தார். அவர் அமைத்து முடித்தபோது வானத்திலிருந்து தானியம் மழையாகப் பொழிந்தது. இரவில் பேய்கள் அழுதன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட குவாய்நான்சு என்னும் நூலில் இச்செய்தி உள்ளது.

தானியம் பொழிந்தது சரி, பேய்கள் அழுவானேன்? பிற்காலத்து உரையாசிரியர் காவ்யூ கூறும் விளக்கம் நம் உரையாசிரியர்கள் கூறுவது போலவே நயமுடையது. எழுத்தறிந்த மக்கள் உழவை விட்டுச் சிறு ஊதியத்தைத் தேடி எழுத்துவேலைக்கு ஓடுவர், பஞ்சம் வரும், அதனை முன்னறிந்தே வானம் தானியத்தைப் பொழிந்தது. பேய்களோ, தங்கள் குற்றம் எழுத்தில் ஏறிவிடுமே என்று அஞ்சி அழுதன. எழுத்து வந்தால் உழவு கெடும் என்ற முதற்கூற்றை இன்றைய பெற்றோர் பலரும் மறுக்கமாட்டார். இரண்டாங்கூற்றுத்தான் ஆழமானது. வாய்ச்சொல்லை மறுக்கலாம்; எழுதியதை மறுத்தல் அரிது.

எழுதியதை மறுத்தல் அரிது என்னும் இவ்வுண்மையின் மேல் எகிப்தியர் ஒரு நீதிமன்றத்தையே எழுப்பினர். அவர்களுடைய எழுத்துத் தெய்வம் தோத். அரிவாள்மூக்கன் என்னும் பறவையின் தலையை உடையவன். இறந்தவனுடைய நெஞ்சத்தைத் தராசின் ஒரு தட்டிலும், வாய்மைத் தெய்வமாகிய மாஅத்தின் இறகை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுப்பர். தோத் எழுதுகோலும் மைப்பலகையும் ஏந்தி நின்று முடிவைப் பதிந்துகொள்வான். நெஞ்சம் தீமையால் கனத்ததாயின், முதலைத் தலையுடைய கொடுவிலங்கு ஒன்று அதனை விழுங்கிவிடும். கச்சியம்பதியில் கோயில் கொண்டு, ஏடும் எழுத்தாணியுமாக வீற்றிருக்கும் சித்திரகுத்தனை அறிந்த நமக்கு இக்காட்சி புதிதன்று. செஷாத் என்னும் பெண் தெய்வமும் எகிப்தியர்க்கு உண்டு. அரசர் ஆண்ட ஆண்டுகளைப் பனைமட்டையில் கீறி எண்ணுவதும், கோயிலுக்கு நூல் பிடித்துக் கால்கோள் செய்வதும் அவள் கடமை.

இத்தோத்தின்மேல் கிரேக்க நாட்டு அறிஞர் பிளேட்டோ ஒரு வழக்குத் தொடுத்தார். பீட்ரசு என்னும் உரையாடலில் அவர் சொல்லும் கதை இது: தோத் தான் கண்ட எழுத்தை எகிப்திய மன்னன் தாமுசிடம் காட்டி, இது நினைவுக்கும் அறிவுக்கும் மருந்து என்றான். மன்னன் உடன்படவில்லை. இதனைக் கற்றவர் தம்முள்ளத்தே நினைவதை விட்டு வெளியேயுள்ள குறிகளை நம்புவர், மறதியே மிகும், அறிவு பெறாமலே அறிந்தவர் போலத் தோன்றுவர் என்றான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே. ஆசிரியர் வாயிலாகப் பாடம் கேட்டு நெட்டுருச் செய்து வளர்ந்த எம்போன்றோர்க்குத் தாமுசின் கட்சி இனிக்கவே செய்யும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பிளேட்டோ இதனை எழுதி வைத்தமையாலேயே நாம் தாமுசின் வாதத்தை அறிகிறோம்!

மீண்டும் மெசொப்பொத்தேமியாவுக்கு வருவோம். காலம் செல்லச் செல்ல நிசபாவின் இடத்தை நபூ என்னும் ஆண் தெய்வம் கைக்கொண்டது. மார்டுக்கின் மகனாகிய அவனுக்கு நிசபாவை மனைவியாகச் சொல்லும் மரபும் எழுந்தது. தனக்கே உரியதாயிருந்த இல்லத்தில் அவள் மருமகளாகப் புக நேர்ந்தது. நபூவின் கோயில் போர்சிப்பாவில் இருந்தது. புத்தாண்டுப் பெருவிழாவில் அவன் தன் ஊரினின்று எழுந்தருளிப் பாபிலோனுக்குத் தந்தையின் கோயிலை நோக்கி வருவான். வரும் ஆண்டின் விதி அவ்விழாவில் உறுதி செய்யப்படும்; விதிப்பலகையில் எழுதுகோல் பிடிப்பவன் அவனே. நெபுகாத்நேசர் என்னும் மன்னன் பெயருக்கே, நபூவே என் தலைமகனைக் காப்பாயாக என்பது பொருள்.

அசீரிய மன்னன் அசுர்பானிபால் நபூவின் கலையைத் தானே கற்றதாகப் பெருமை பேசியவன். நினிவேயில் அவன் தொகுத்த நூலகத்து ஏடுகளை எடுத்துச் செல்வோரையும், அவன் பெயரை அழிப்போரையும் தெய்வங்கள் ஒறுக்க என்னும் சாபவுரைகள் அவற்றின் இறுதியில் உண்டு. கி.மு. 612இல் பகைவர் நினிவேக்குத் தீயிட்டனர். மண்ணேடுகள் பல அத்தீயில் வெந்து இறுகி நிலைபெற்றன. சாபத்தைப் பொருட்படுத்தாது எடுத்துச் செல்லப்பட்ட 30,000க்கு மேற்பட்ட ஏடுகளும் துண்டுகளும் இன்று இலண்டன் பிரித்தானியக் காட்சியகத்தில் உள்ளன.

தீயால் அழியாத எழுத்து, கற்பார் இன்மையால் அழிந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஆப்பெழுத்து நின்றுபோயிற்று. எகிப்தில் கி.பி. 394 ஆகஸ்டு 24ஆம் நாள், பிலே தீவின் ஐசிசு கோயிலில், நெஸ்மெதெராகெம் என்னும் அர்ச்சகர் தம் பெயரைத் தெய்வ எழுத்தில் பொறித்து, இது ஊழிதோறும் நிற்பதாகுக என்றும் சேர்த்தார். அறியவந்துள்ள தெய்வ எழுத்துக் கல்வெட்டுக்களுள் அதுவே கடைசி. கல் நின்றது, கற்பார் நிற்கவில்லை. 1822இல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன் அவ்வெழுத்தின் திறவுகோலைக் காணும்வரை, 1,428 ஆண்டுகள், தோத்தின் பெயர் சுவரில் இருந்தும் வாசிப்பார் இன்றிக் கிடந்தது.

ஆப்பெழுத்துக்கு 1857இல் ஒரு தேர்வு நடந்தது. இலண்டன் அரச ஆசியக் கழகம் ஒரே கல்வெட்டுப் பாடத்தை ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பெர்ட் என்னும் நால்வரிடமும் தனித்தனியே பெற்று ஒப்பிட்டது. அவர்கள் கண்ட பொருள் பெரும்பாலும் ஒத்திருந்தது. அதன்பின் நபூ மீண்டும் பேசத் தொடங்கினான், நிசபாவும் பேசினாள்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாபிலோனில் நபூவுக்கு இருந்த கோயில் ஒன்றை இராக்கிய அறிஞர்கள் அகழ்ந்தபோது, நூற்றுக்கணக்கான பள்ளிப்பயிற்சிப் பலகைகள் வெளிப்பட்டன. எழுதப் பழகிய மாணவர் தம் பாடத்தை முடித்துத் தெய்வத்தின் முன் காணிக்கையாக வைத்தவை அவை. கலைமகள் விழாவில் நம் பிள்ளைகள் புத்தகத்தை வைப்பது போல என்க. பாடத்தின் கீழே மாணவன் தன் பெயரைக் குறித்து, நீண்ட வாழ்வும் உடல் நலமும் வேண்டியிருக்கிறான். அரசர் பெயர்களோடு அப்பிள்ளைகளின் பெயர்களையும் இப்பொழுது வாசிக்கின்றனர்.