எட்டாம் ஷரத்து: மொரிஷியஸ் கைமாறிய கதை



ஒரு நாட்டை இன்னொரு நாடு போரிட்டுப் பிடிக்கிறது. கொடி இறங்குகிறது, வேறு கொடி ஏறுகிறது. அந்த மண்ணில் அடிமையாகக் கிடப்பவனுக்கு அன்று என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியை மொரிஷியஸ் தீவை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். அந்தத் தீவை ஆங்கிலேயர் பிடித்தபோது சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் அந்தப் படையில் இருந்தார்கள். பிற்பாடு அங்கே கரும்பு வெட்டப் போனவர்களிலும் நம் மக்கள் உண்டு. ஆகவே அது நமக்கு அந்நியமான கதை அல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் 1715ல் அந்தத் தீவைத் தமதாக்கிக்கொண்டு ‘ஐல் து பிரான்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1735ல் ஆளுநராக வந்த லபூர்தொனே துறைமுகத்தை எழுப்பினார். அதற்கு மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் மனிதர்கள் பிடித்து வரப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் கூலிக்குப் போனார்கள். விலைக்கு வாங்கப்பட்ட இந்தியர்களும் உண்டு. புதுச்சேரியின் பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கடைசிச் செய்தியை அநேகமாகச் சொல்வதில்லை.

அடிமைகளை ஆள 1723லேயே ஒரு சட்டம் வந்தது. தப்பி ஓடினால் முதல் முறை காதை அறுத்துத் தோளில் சூடு வைக்கலாம். இரண்டாம் முறை குதிகால் நரம்பை வெட்டலாம். மூன்றாம் முறை மரணம். வெள்ளையரும் கறுப்பரும் மணம் செய்யக்கூடாது என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. காதை அறுக்கும் விதியும் கலப்பு மணத்தைத் தடுக்கும் விதியும் ஏன் ஒரே ஏட்டில் இருந்தன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் புரட்சி நடந்தது. 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மன்றம் அடிமை முறையை ஒழித்துத் தீர்மானம் போட்டது. அதை நடைமுறைப்படுத்த பாக்கோ, பூர்னெல் என்று இரண்டு பிரதிநிதிகள் 1796ல் தீவுக்கு வந்தார்கள். தோட்ட முதலாளிகள் சில நாட்களிலேயே அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சமத்துவம் துறைமுகம் வரை வந்து, ஊருக்குள் நுழையாமலே திரும்பியது. 1802ல் நெப்போலியன் அடிமை முறையைச் சட்டப்படி உறுதி செய்தார். கடைசிப் பிரெஞ்சு ஆளுநர் தெகான் நெப்போலியனின் சிவில் சட்டத்தை இங்கே கொண்டுவந்தபோது, நிற வேறுபாட்டைக் காக்கும் திருத்தங்களைச் சேர்த்தே கொண்டுவந்தார்.

இந்தத் தீவைத் தளமாக வைத்துப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரின் இந்திய வணிகத்தைச் சூறையாடி வந்தன. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் பிரெஞ்சுக்காரர்கள் வென்றார்கள். அந்த வெற்றியின் பெயர் பாரிஸ் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 29 அன்று சுமார் 10,000 பேர் கொண்ட படையோடு ஆங்கிலேயர் தீவின் வடக்கே இறங்கினார்கள். டிசம்பர் 3ல் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தானது.

தோற்றவனுக்கு இவ்வளவு சலுகை காட்டிய ஒப்பந்தங்கள் குறைவு. பிரெஞ்சுப் படையினர் போர்க்கைதிகள் ஆக்கப்படவில்லை. ஆங்கிலேயர் செலவிலேயே பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். குடிமக்களின் சொத்து காக்கப்படும், வெளியேற விரும்புகிறவர்கள் இரண்டு ஆண்டுக்குள் சொத்தோடு போகலாம் என்று எழுதப்பட்டது. எட்டாம் ஷரத்து, குடிமக்கள் தங்கள் மதத்தையும் சட்டங்களையும் வழக்கங்களையும் வைத்துக்கொள்ளலாம் என்றது.

கேட்பதற்கு நல்ல ஷரத்து. தோற்ற மக்களின் பண்பாட்டை மதிக்கிறார்கள் என்று இன்றும் சிலர் புகழ்கிறார்கள். அன்று தீவில் வாழ்ந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் அடிமைகள், எண்ணிக்கையில் 60,000க்கும் மேல். ‘குடிமக்கள்’ என்ற சொல்லில் அவர்கள் இல்லை. ‘சொத்து’ என்ற சொல்லில் இருந்தார்கள். ‘சட்டம்’ என்றால் 1723 முதல் அவர்கள் மேல் எழுதப்பட்டு வந்த சட்டம். ‘வழக்கம்’ என்றால் சாட்டை.

இதை நான் வலிந்து வாசிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். முதல் ஆங்கிலேய ஆளுநர் ராபர்ட் ஃபர்க்குவாரே இப்படித்தான் வாசித்தார். அடிமை வணிகத்தைப் பிரிட்டன் 1807லேயே தடை செய்திருந்தது. அவரோ 1811ல் லண்டனுக்கு எழுதினார்: இவர்கள் சட்டங்களைக் காப்பதாக வாக்களித்திருக்கிறோம், அடிமை இறக்குமதியும் அதில் அடங்கும் அல்லவா என்று. அமைச்சர் லிவர்பூல் பிரபு மறுத்துவிட்டார். மறுப்பு காகிதத்தில் இருந்தது. இரவில் கரை ஒதுங்கும் கப்பல்கள் நிற்கவில்லை. அடுத்த பத்தாண்டில் பல்லாயிரம் பேர் திருட்டுத்தனமாக மொரிஷியஸிலும் அருகிலுள்ள பூர்போனிலும் இறக்கப்பட்டார்கள். கள்ளக்கடத்தலைப் பிடிக்க என்று அடிமைப் பதிவேடு தொடங்கினார்கள். அந்தப் பதிவேட்டிலேயே புதியவர்களைப் பழையவர்களாக எழுதிக்கொள்ள முதலாளிகளுக்கு வழி இருந்தது. நிலப் பதிவேட்டில் பஞ்சமி நிலம் எப்படிக் காணாமல் போனது என்று அலைந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது.

1814 பாரிஸ் உடன்படிக்கையில் பூர்போன் பிரான்சுக்குத் திரும்பியது. மொரிஷியஸ் பிரிட்டனிடமே நின்றது. அதன்பிறகு முதலாளிகளுக்கு நல்ல காலம். 1825ல் மொரிஷியஸ் சர்க்கரைக்கான சுங்க வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குச் சமமாகக் குறைத்தார்கள். தீவு முழுக்கக் கரும்பு பரவியது. கரும்பு பரவப் பரவ வேலை நேரம் நீண்டது. ஆக, பிரெஞ்சு அடிமைமுறையை ஆங்கிலேயச் சந்தை இன்னும் கொடூரமாக்கியது என்றே சொல்வேன். அடிமையாக இல்லாத நிறத்தவர்களுக்குக்கூடச் சட்டச் சமத்துவம் கிடைக்க 1829 வரை ஆனது.

1832ல் ஜான் ஜெரமி என்ற அடிமைமுறை எதிர்ப்பாளர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியாக வந்து இறங்கினார். முதலாளிகள் கடைகளை அடைத்தார்கள், ஆயுதம் தாங்கிய தொண்டர் படை திரட்டினார்கள். அவர்களின் தலைவர் வழக்கறிஞர் அத்ரியேன் தெப்பினே. ஆளுநர் பணிந்து ஜெரமியைச் சில வாரங்களில் திருப்பி அனுப்பினார். 1796ல் நடந்ததே 36 ஆண்டு கழித்து வேறு கொடியின் கீழ் நடந்தது. வேறுபாடு ஒன்றுண்டு: அடுத்த ஆண்டே ஜெரமி மீண்டும் அனுப்பப்பட்டார்.

1835 பிப்ரவரி 1 அன்று விடுதலை வந்தது. பிரிட்டன் மொத்தம் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. மொரிஷியஸ் பங்கு 20 லட்சம் பவுனுக்கு மேல். அத்தனையும் உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்குக் காசு இல்லை, நிலம் இல்லை. அதற்கு மேல், பழைய எஜமானிடமே ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் கூலியின்றி உழைக்க வேண்டும். எட்டாம் ஷரத்து காத்த சொத்துக்குக் கடைசித் தவணை இப்படித்தான் கட்டப்பட்டது. அந்த இழப்பீட்டுக் கடனைப் பிரிட்டன் மக்கள் வரிப்பணத்தில் 2015ல்தான் அடைத்து முடித்தார்கள்.

இதே காலத்தில் சென்னை மாகாணத்தையும் பார்க்க வேண்டும். 1819ல் வருவாய் வாரியம் பண்ணையாள் முறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை வாங்கியது. அங்கும் ‘வழக்கம்’ என்ற சொல்லே பதிலாக வந்தது, முறை அப்படியே விடப்பட்டது. 1843ன் ஐந்தாவது சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றது. பறையரும் பள்ளரும் சேரியிலேயே, அதே மிராசுதாரின் வயலிலேயே இருந்தார்கள்.

பயிற்சிக் காலம் 1839 மார்ச்சோடு முடிந்தது. விடுதலையானவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களை விட்டு நடந்தார்கள். முதலாளிகள் அவர்களைச் சோம்பேறிகள் என்றார்கள். அதற்கு முன்பே மாற்று ஏற்பாடு தொடங்கியாகிவிட்டது. 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ கப்பலில் 36 இந்தியத் தொழிலாளர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். 1910க்குள் சுமார் நான்கரை லட்சம் பேர் வந்தார்கள், சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏராளம் பேர். மாதம் ஐந்து ரூபாய் கூலி. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடித்தம். சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் சிறை. அடிமைகளின் பேரர்களும் ஒப்பந்தக் கூலிகளின் பேரர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கும்படி அந்த ஏற்பாடு அமைந்தது.

தெகான் கொண்டுவந்த நெப்போலியன் சட்டமே இன்றும் மொரிஷியஸ் சிவில் சட்டத்தின் அடித்தளம். 2009ல் அந்நாடு அடிமைமுறை, ஒப்பந்தக் கூலிமுறை இரண்டையும் சேர்த்து விசாரிக்க உண்மைக்கும் நீதிக்குமான ஆணையம் அமைத்தது. 2011ல் அறிக்கை வந்தது. முன்னோரின் நிலம் பறிபோனதென்று நூற்றுக்கணக்கானோர் அதன் முன் வந்து முறையிட்டிருந்தார்கள். பலரிடம் நிலம் இருந்த நினைவு இருந்தது, பத்திரம் இல்லை.