அன்று வகுப்பில் சொல்லாமல் விட்ட பதில்



போன ஞாயிறு மகளும் மாப்பிள்ளையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வீட்டில் அரிசிம்பருப்பு சாதமும் பள்ளிபாளையம் சிக்கனும். மாப்பிள்ளை தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு வெள்ளை ஒயின் பாட்டிலை எடுத்து வைத்தார். "விலை கம்மிதானுங்க மாமா, கோழிக்கு நல்லாருக்கும்" என்றார். வீட்டம்மா பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். காரணம் சொந்தங்களுக்குத் தெரியும். என் அப்பா குடியால் தோட்டத்தை இழந்தவர்.

எனக்கோ ஒரு பழைய வகுப்பு ஞாபகம் வந்தது. வெள்ளலூர்ப் புதையல் பாடம். நம் நொய்யல் கரையில் 1842இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக் காசுகள் கிடைத்த கதை. ஒரு பையன் எழுந்து, "சார், காசு சரி. யவனங்க வேற என்ன கொண்டாந்தாங்க?" என்றான். "பவளம், கண்ணாடி" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஒயினைச் சொல்லவில்லை. பணியில் இருந்த காலம் முழுக்க எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அந்தப் பாடத்தை இப்போது முடித்துவிடுகிறேன்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, முசிறிக்கு வந்த சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது. ஆனால் அளவு அதிகமில்லை என்கிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார்.

புலவர் பாட்டில் பொற்கிண்ணம். மண்ணுக்குள் கிடைத்ததோ வேறு கதை. புதுச்சேரி பக்கம் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பின்னால் ஆராய்ந்தவர்கள், அவற்றில் அதிகமானவை கோஸ் என்ற கிரேக்கத் தீவின் பாணிச் சாடிகள் என்று கண்டார்கள். கோஸ் ஒயின் உயர்ந்த சரக்கல்ல. கடல்நீர் கலந்த, மலிவான அன்றாட ஒயின். ஓர் அடிமை அளவு குறைந்ததை மறைக்கக் கடல்நீரை ஊற்றியதில்தான் அந்த வழக்கம் பிறந்தது என்று பிளினி எழுதுகிறார். வெள்ளைத் திராட்சைச் சாற்றில் கலந்ததற்குத் தனிப் பெயரே உண்டு. உப்புச் சேர்ந்ததால் நீண்ட கடல் பயணத்தையும் அது தாங்கியிருக்கும்.

நம் கொங்கிலிருந்து போனது படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல். கொடுமணலில் கல்லறுத்து மணி கோத்தார்கள். அதற்கு விலையாக வந்த காசை மடியில் முடிந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கொண்டுவரலாம். கனத்த மண்சாடியை மாட்டுவண்டியில் ஏற்றினால் எத்தனை உடையும்? அதனால்தானோ என்னவோ, நமக்குக் காசு வந்தது, ஒயின் பெரும்பாலும் துறைமுகத்தோடு நின்றது.

இன்னொன்று. அன்றைய கறிக்கு உறைப்பு மிளகுதான். மிளகாய் போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது. வரமிளகாய் அள்ளிப் போட்ட பள்ளிபாளையத்தோடு புளிப்பான ஒயின் குடித்தால் நாக்கு இன்னும் எரியும். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அரிசிம்பருப்போடு பரவாயில்லை என்றார். அதைக் கேட்டு வீட்டம்மாவே சிரித்துவிட்டாள்.

நான் தொடவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் பக்கத்துச் சேலத்தில்தான். அதற்கான காரணம் என் வீட்டிலேயே இருந்தது. ஆனால் என் வீட்டுத் துக்கத்துக்காக வரலாற்றில் ஒரு வரியை அடித்தது தப்பு.

அன்று கேள்வி கேட்ட தம்பி, இதைப் படித்தால் உனக்கான பதில் இதுதான். தாமதத்துக்கு மன்னிச்சுக்கப்பா.