இல்லமும் இசைக்கூடமும்

இசை முதலில் இல்லத்தில்தான் வாழ்ந்தது. தொட்டிலருகே தாலாட்டாகவும், மணவீட்டில் நலங்குப் பாட்டாகவும், இழவு வீட்டில் ஒப்பாரியாகவும் அது ஒலித்தது. மேடையும் அரங்கமும் பின்னர் வந்தவை. சபாக்கள் பெருகத் தொடங்கிய காலத்திலும் வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசித்தார். நாடிச் சென்றவர்கள் ஓசையின்றி அமர்ந்து கேட்டனர். என்று வாசிப்பது, எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் வாசிப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. காலம் அவருக்கு உரியதாக இருந்தது.

அந்த உரிமையைக் கலைஞனிடமிருந்து பறித்தது ஒலிப்பதிவு. 1877-ஆம் ஆண்டில் எடிசன் ஒலியைப் பதித்து மீண்டும் கேட்கச் செய்தார். அதன்பின் இசைத்தட்டுத் தொழில் வளர்ந்தபோது, பதிவுக் கருவிகள் கம்பெனிகளின் உடைமையாயின. பாடகர் குறித்த நாளில் குறித்த நேரத்தில் சென்று, தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கும் மூன்று நான்கு நிமிடங்களுக்குள் பாடி முடிக்க வேண்டும். கூடத்தின் சுவர்க்கடிகாரம் இசையின் எல்லையை வகுத்தது. பிழை நேர்ந்தால் பணம் விரயமாகும் என்ற அச்சத்தில் துணிச்சலான முயற்சிகள் ஒடுங்கின. இருபதாம் நூற்றாண்டில் கலைஞர் சிலர் ஒலிப்பதிவை வீட்டுக்கே கொண்டுவர முயன்ற வரலாற்றை, இழந்த காலத்தை மீட்கும் முயற்சியின் வரலாறு எனலாம்.

வண்டிக் கொட்டகையில் ஒரு தொடக்கம்

அம்முயற்சியின் முன்னோடி அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால் (1915–2009). ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையை அவர் பதிவுக்கூடமாக்கினார். தட்டு வெட்டும் இயந்திரத்தையும் தாமே செய்துகொண்டார். அதன் சுழல்தட்டாகக் கடிலாக் காரின் சமன்சக்கரம் பயன்பட்டது. ஒரு தட்டில் தம் வாசிப்பைப் பதிப்பார். அதனை ஒலிக்கவிட்டு, உடன் வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றொரு தட்டில் பதிப்பார். இவ்வாறு அடுக்கடுக்காக ஏற்றிய ஒலிகளால் ஒருவரே ஒரு குழுவாக ஒலித்தார். ஒவ்வோர் அடுக்கிலும் பழைய ஒலி சற்று மங்கும். ஆகவே முதன்மையற்ற பகுதிகளை முதலிலும், முதன்மையானவற்றை இறுதியிலும் வாசித்தார். 1948-இல் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட ‘லவர்’ என்ற இசைத்தட்டு இவ்வாறு உருவானதே.

அவ்வாண்டின் தொடக்கத்தில் கார் விபத்தில் அவருடைய வலக்கை நொறுங்கியது. முழங்கையை இனி மடக்க இயலாது என்ற நிலையில், கிடாரை ஏந்தும் கோணத்திலேயே அதனைப் பொருத்துமாறு மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் ஒலிநாடா இயந்திரத்தை அளித்தார். லெஸ் பால் அதில் மேலும் ஒரு மீளொலிப்புத் தலையைப் பொருத்தி, ஒலியின்மேல் ஒலியேற்றும் கலையை நாடாவுக்கு மாற்றினார். இம்முறையில் புதிய அடுக்கு ஏறும்போதே பழைய பதிவு அழிந்துவிடும். இறுதி அடுக்கில் ஒரு சுருதி பிசகினாலும் அதுவரை செய்தது அனைத்தும் வீண். வாடகைக் கூடத்தில் இத்தகைய சூதாட்டத்தை எவரும் ஆடியிருக்க முடியாது. வீட்டில், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் கேட்பவர் இல்லை.

மனைவி மேரி ஃபோர்டுடன் நியூயார்க் நகரின் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிக் குடியிருப்பில் அவர் பதிவு செய்த ‘ஹவ் ஹை த மூன்’ 1951-இல் ஒன்பது வாரங்கள் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. ஒலிவாங்கிக்கு மிக அருகில் நின்று மேரி ஃபோர்ட் மென்மையாகப் பாடிய முறை, காதருகே பேசுவது போன்ற நெருக்கத்தைத் தந்தது.

இப்புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. பின்னர் அவர்களுடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இல்லத்திலிருந்தே உருவானது. வீடே கூடமான பின், வேலை முடிந்து திரும்புவதற்கு வேறு வீடில்லை. 1964-இல் இருவரும் மணவிலக்குப் பெற்றனர். வீட்டில் செய்யும் இசைக்கு மூடும் நேரம் இல்லை என்பது அதன் வலிமை. அதன் வருத்தமும் அதுவே.

தோல்கடை மாடியில்

இலண்டனில் ஜோ மீக் (1929–1967) அடைந்த வெற்றியும் வீழ்ச்சியும் இவ்வுண்மையை இன்னும் கடுமையாக உணர்த்துகின்றன. பெரிய கூடங்களில் பொறியாளராக இருந்து முரண்பட்டு வெளியேறியவர் அவர். ஹாலோவே சாலை 304-ஆம் எண் கட்டடத்தில் ஒரு தோல்பொருள் கடைக்கு மேலிருந்த மாடிகளை வாடகைக்கு எடுத்தார். பாடகர் குளியலறையில் நின்று பாடினர். அதன் எதிரொலி பாட்டுக்கு உதவியது. ‘ஹனிகோம்ஸ்’ குழுவின் 1964-ஆம் ஆண்டுப் பாட்டொன்றில் கேட்கும் முழக்கம், இசைஞர்கள் மரப்படிக்கட்டில் காலால் உதைத்து எழுப்பியதே.

1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அதன் பெயரால் மீக் இயற்றி ‘டொர்னாடோஸ்’ குழு வாசித்த இசைத்தட்டு, அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. பிரிட்டிஷ் குழு ஒன்று அங்கு முதலிடம் எட்டியது அதுவே முதன்முறை. பீட்டில்ஸ் அந்த இடத்தை அடைந்தது 1964-இல்தான். மாடி வீட்டில் ஒட்டுக் கம்பிகளுக்கிடையே உருவான இசை, பெருங்கூடங்களை வென்றது.

ஆயினும் அதன் பலன் மீக்கின் கைக்கு வரவில்லை. மெட்டு தம்முடையது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். உரிமைத் தொகை முடக்கப்பட்டது. வழக்கு மீக்குக்குச் சாதகமாக முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. கடனும் தனிமையும் ஐயமும் மனநோயும் சூழ்ந்த நிலையில், 1967 பிப்ரவரி 3 அன்று வீட்டுக்காரப் பெண்மணியைச் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். அறுபதுக்கு மேற்பட்ட தேயிலைப் பெட்டிகளில் அவருடைய ஒலிநாடாக்கள் எஞ்சின. தனித்து நின்றவருக்குக் கருவி இருந்தது, காலம் இருந்தது. தளர்ந்தபோது தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு மட்டும் இல்லை.

கையடக்கமான கூடம்

1979-இல் டியாக் நிறுவனம் ‘டாஸ்காம்’ என்ற பெயரில் ‘போர்ட்டாஸ்டூடியோ 144’ என்னும் கருவியை வெளியிட்டது. சாதாரண கேசட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிக்கவும் கலக்கவும் அதனால் முடிந்தது. மேசைமேல் வைக்கும் அளவில் ஒரு பதிவுக்கூடம் கிடைத்தது.

1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சி மாநிலத்தில் தம் வாடகை வீட்டில் இக்கருவியின் முன் தனியே அமர்ந்து பாடினார். பின்னர்த் தம் குழுவுடன் பாடுவதற்கான மாதிரிகள் என்றே அவற்றைக் கருதினார். உறையின்றிக் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். முழுக்குழுவும் கூடத்தில் அப்பாடல்களை வாசித்துப் பார்த்தது. ஒலி தெளிந்தது; பாடல்களின் உயிரோ அகன்றது. இறுதியில் அந்தக் கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்தது. நள்ளிரவில் ஒருவன் தனக்குத்தானே பாடும் குரல், பிறர் கேட்பதற்காகப் பாடும் குரலினின்று வேறானது என்பதை அப்பதிவு காட்டிற்று.

ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பின்னால் கொலம்பியா என்ற பெருநிறுவனம் இருந்தது. அத்தகைய துணை இல்லாதவர் என் செய்வது? இவ்வினாவுக்கு வாஷிங்டன் நகர இளைஞர் சிலர் 1980-லேயே விடை தேடினர். ‘டீன் ஐடில்ஸ்’ என்ற அவர்களுடைய குழு கலைந்தபோது நிகழ்ச்சிகளில் சேர்ந்த அறுநூறு டாலர் கையிருப்பில் இருந்தது. ஆர்லிங்டனில் ஒரு நண்பர் தம் வீட்டில் நடத்திய சிறு கூடத்தில் பதிவாகியிருந்த பாடல்களை, அத்தொகையைக் கொண்டு ஆயிரம் தட்டுகளாக வெளியிட்டனர். ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் அவ்வாறு பிறந்தது. உறைகளை அவர்களே வெட்டி, மடித்து, ஒட்டினர்.

தமிழில் சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, நூற்கட்டுகளைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். படைப்பதற்கு ஓர் அறை போதும். படைப்பைப் பிறரிடம் சேர்ப்பதற்கு நட்பும் நடையும் வேண்டும். வாஷிங்டன் இளைஞர்களிடம் இவ்விரண்டும் இருந்தன. மீக்கிடம் இல்லாதது இதுவே.

கோடம்பாக்கத்துப் பின்கட்டு

1983-இல் ‘மிடி’ என்னும் பொது முறை வந்து, வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. ஒரே அறையில் ஒருவர் பல கருவிகளை இயக்க முடிந்தது. இம்மாற்றம் தமிழ்நாட்டிலும் வேர்கொண்டது. இசையமைப்பாளராக இருந்த தந்தை ஆர். கே. சேகரை இளம்வயதில் இழந்தவர் ஏ. ஆர். ரகுமான். தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் அவர் ஒரு பதிவுக்கூடம் அமைத்தார். விளம்பர இசை அங்கே உருவாயிற்று. 1992-இல் ‘ரோஜா’வின் இசை வந்தது. முதற்படமே தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பகற்பொழுதின் கால அட்டவணையைப் பொருட்படுத்தாமல் இரவெல்லாம் தேடித் தேடி ஒலி அமைக்கும் முறையை அவ்வீட்டுக்கூடம் இயல்பாக்கியது. பெருங்குழுவாக அமர்ந்து வாசித்த இசைஞர் பலருக்கு மின்னணுக் கருவிகளின் வரவால் வேலை குறைந்ததும் உண்மை. ஒருவருக்குக் கிடைத்த விடுதலையில் பலருடைய கூட்டு வாழ்வு சிறுத்தது என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும்.

2004-இல் ஆப்பிள் நிறுவனம் ‘கராஜ்பேண்ட்’ என்ற மென்பொருளைக் கணினியுடன் சேர்த்தே வழங்கியது. லெஸ் பாலின் கார்க் கொட்டகை அந்தப் பெயரில் எதிரொலிப்பது போலத் தோன்றும். 2019-இல் பில்லி ஐலிஷ், லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டின் சிறு படுக்கையறையில் தமையன் ஃபின்னியஸுடன் பெரும்பாலும் உருவாக்கிய இசைத்தொகுப்பு, 2020-இல் கிராமி விருதுகளின் நான்கு முதன்மைப் பிரிவுகளிலும் அவரை வெற்றிபெறச் செய்தது. படுக்கையறையில் இசை செய்யும் பிள்ளைகள் அனைவருக்கும் உரியது அவ்விருது என்று ஃபின்னியஸ் மேடையில் கூறினார்.

கருவிக்கான தடை இன்று பெரும்பாலும் நீங்கிவிட்டது. இணையத்தின் வழியே நாள்தோறும் பல்லாயிரம் பாடல்கள் வெளியாகின்றன. பாடுவதற்கு எவர் இசைவும் வேண்டாம். ஆனால் கேட்கப்படுவது அரிதாகிவிட்டது. முன்பு கூடத்தின் வாயிலில் நின்ற காவல், இப்போது கேட்பவரின் செவிவாயிலுக்கு இடம் மாறியுள்ளது.

வீடு கலைஞனுக்குத் தரக்கூடிய பெருங்கொடை காலம். பிழை செய்யவும் திருத்தவும் காத்திருக்கவும் வாய்த்த காலம் அது. அக்காலம் முழுவதும் மூடிய அறைக்குள்ளேயே கழிந்தால், அது மீக்கின் மாடியாகிவிடும். வாரத்தில் ஒரு மாலையேனும் கதவைத் திறந்து, பாய் விரித்து, நாலுபேரை அமரவைத்து வாசிக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் வீடு ஒலிநாடா பிறப்பதற்கு முன்பே அதனைச் செய்து காட்டியது.