முகம் அழிக்கப்பட்டவர்கள்: சோவியத் விண்வெளிக் கதையாடல் பற்றிச் சில குறிப்புகள்

1

1961 மே மாதம் கருங்கடலோரத்து சோச்சி நகரில் எடுக்கப்பட்ட ஒரு குழுப் புகைப்படத்திலிருந்து தொடங்கலாம். யூரி ககாரின் பூமியைச் சுற்றித் திரும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சியில் இருந்த விண்வெளி வீரர்கள் ஓய்வுக்காக அங்கே போயிருந்தார்கள். முன்வரிசையில் பெரிய தலையும் தடித்த கழுத்துமாக நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ககாரின். பின்வரிசையில் இளம் விமானிகள் நிற்கிறார்கள்.

இந்தப் படத்துக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்றில் பின்வரிசையில் கிரிகோரி நெல்யூபோவ் என்பவர் நிற்கிறார். 1970களில் சோவியத் நூல்களில் அச்சான மற்றொன்றில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் பின்னணியை வரைந்து நிரப்பிவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் ஒரு ஆள் காணாமல் போனது தெரியும். ஒன்றை மட்டும் பார்க்கிறவருக்கு எதுவும் குறையாகத் தெரியாது. அழிப்பின் வெற்றியே அதுதானே?

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது சோவியத் யூனியன் கிடையாது. ஆனால் மாஸ்கோவில் தமிழில் அச்சாகி இங்கே வந்த வழவழப்பான புத்தகங்கள் பழைய புத்தகக் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. ககாரினின் சிரிப்பை நான் முதலில் பார்த்தது அங்கேதான். ஸ்மொலென்ஸ்க் வட்டாரத்தின் க்ளூஷினோ கிராமம், தச்சுவேலை செய்த அப்பா, நாஜி ஆக்கிரமிப்பில் பறிபோன வீடு, வார்ப்படத் தொழில் படித்த பையன், பிறகு விமானி, பிறகு விண்வெளி. உழைக்கிறவன் வீட்டுப் பிள்ளை வானத்துக்குப் போனான் என்கிற கதை இடதுசாரிகளாகிய நம் பலருக்கும் நெருக்கமானது. அந்தக் கதை பொய்யில்லை. அதில் ஒவ்வொரு விவரமும் உண்மை. அதனால்தான் என் கேள்வி எழுகிறது: நிஜமாகவே நடந்த ஒரு சாதனையைச் சொல்வதற்கு இத்தனை பேரை ஏன் அழிக்க வேண்டியிருந்தது?

2

1960இல் சோவியத் விமானப்படையிலிருந்து 20 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் விண்வெளிக்குப் போனவர்கள் 12 பேர். மீதி 8 பேரும் பயிற்சிக்கூடத்துக்குள்ளேயோ அதன் வாசலிலேயோ நின்றுபோனவர்கள். நெல்யூபோவ் அவர்களில் ஒருவர். சாதாரண ஆள் அல்ல. முதல் பயணத்துக்குத் தயாரானவர்களில் ககாரின், கெர்மன் தித்தோவ் இருவருக்கும் அடுத்த இடம் அவருக்கு.

1963இல் நெல்யூபோவும் சக வீரர்களான அனிகேயெவ், ஃபிலாத்யெவ் இருவரும் குடித்திருந்த நேரத்தில் ராணுவ ரோந்துக்காரர்களோடு தகராறு வந்தது. மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை மேலே கொண்டுபோவதில்லை என்று அதிகாரி இறங்கிவந்ததாகவும், நெல்யூபோவ் முடியாது என்றதாகவும் சொல்கிறார்கள். மூன்று பேரையும் வெளியேற்றினார்கள். நெல்யூபோவ் தூரக்கிழக்கில் ஒரு விமானப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். தானும் விண்வெளி வீரனாக இருந்தவன்தான் என்று அவர் சொன்னதை அங்கே பலர் நம்பவில்லையாம். எப்படி நம்புவார்கள்? அந்தப் பட்டியலே ரகசியம். 1966 பிப்ரவரி 18 அன்று அவர் ரயிலில் அடிபட்டுச் செத்துப்போனார். அது தற்கொலை என்றே கருதப்பட்டது.

இப்போது அதே படத்தின் முன்வரிசைக்கு வருவோம். தடித்த கழுத்துக்காரர் செர்கேய் கொரல்யோவ். ஸ்புட்னிக்கையும் வோஸ்தோக்கையும் உருவாக்கிய குழுக்களின் தலைவர். 1938இல் ஸ்டாலின் காலக் களையெடுப்பில் கைதாகி, சித்திரவதைப்பட்டு, கொலீமா தங்கச் சுரங்க முகாமில் ஸ்கர்வி நோயால் பற்களை இழந்தவர். பிறகு கைதிப் பொறியாளர்களை வைத்து வேலை வாங்கிய சிறைக்கூடத்தில் வடிவமைப்புப் பணி செய்தவர். 1944இல் விடுதலையானார். ககாரின் பறந்தபோது உலகம் முழுக்க ககாரினின் பெயர் ஒலித்தது. கொரல்யோவின் பெயர் ஒரு பத்திரிகையிலும் இல்லை. அவர் ‘தலைமை வடிவமைப்பாளர்’, அவ்வளவுதான். பிராவ்தாவில் கட்டுரை எழுதியபோதுகூட ‘பேராசிரியர் கே. செர்கேயெவ்’ என்ற புனைபெயரில்தான் எழுத வேண்டியிருந்தது. 1966 ஜனவரி 14 அன்று அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். அதற்குப் பிறகே பெயர் வெளிவந்தது, படம் வெளிவந்தது, கிரெம்ளின் சுவரில் அஸ்திக்கு இடமும் கிடைத்தது.

ஜனவரி 14, பிப்ரவரி 18. ஐந்து வார இடைவெளி. ஒரே படத்தில் இருந்த இரண்டு பேர். ஒருவருக்குச் செத்த பிறகுதான் பெயர் கிடைத்தது. மற்றவருக்குச் செத்த பிறகு முகமும் போனது.

ராணுவ ரகசியம் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். கொரல்யோவ் விஷயத்தில் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ககாரினைச் சுமந்த ராக்கெட்டின் அடிப்படை, அணுகுண்டு சுமப்பதற்காகச் செய்த ஏவுகணைதான். ஆனால் வேலையை விட்டு அனுப்பப்பட்டு, செத்தும்போன ஒரு விமானியின் முகத்தில் என்ன ராணுவ ரகசியம் இருக்க முடியும்? அங்கே காப்பாற்றப்பட்டது ஆயுதம் அல்ல, கதை. வீரன் குடிக்கமாட்டான், தகராறு செய்யமாட்டான், தோற்கமாட்டான் என்கிற கதை.

3

வலந்தீன் பொந்தரென்கோ அந்த 20 பேரில் வயதில் இளையவர். 24 வயது. மனைவியும் ஒரு சிறு மகனும் உண்டு. 1961 மார்ச் 23 அன்று அவர் தனிமைச் சோதனையின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். அழுத்தத்தைக் குறைத்து ஆக்ஸிஜனைக் கூட்டிய மூடிய அறை அது. உடம்பில் ஒட்டியிருந்த மருத்துவக் கருவிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சைத் தூக்கிப் போட்டார். அது மின்சார அடுப்பின் மேல் விழுந்தது. ஆக்ஸிஜன் மிகுந்த காற்றில் தீ ஒரு கணத்தில் பரவியது. உள்ளே ஒரு அழுத்தம், வெளியே ஒரு அழுத்தம் என்பதால் கதவை உடனே திறக்க முடியவில்லை. உடம்பு முழுக்க வெந்த நிலையில் வெளியே எடுத்தார்கள். மருத்துவமனையில் சில மணி நேரம் உயிரோடிருந்து இறந்தார்.

இருபது நாள் கழித்து, ஏப்ரல் 12 அன்று ககாரின் பறந்தார். உலகம் கைதட்டியது. கார்கிவ் நகரத்தில் இருக்கும் பொந்தரென்கோவின் கல்லறையில் விமானி நண்பர்களின் நினைவாக என்று மட்டும் பொறித்தார்கள். விண்வெளி வீரர் என்ற சொல் அதில் மிகவும் பிந்தித்தான் சேர்ந்தது. இப்படி ஒருவர் செத்தார் என்பதை சோவியத் மக்கள் 1986இல்தான், யாரொஸ்லாவ் கொலவானொவ் என்ற பத்திரிகையாளர் இஸ்வெஸ்தியாவில் எழுதிய பிறகு, அறிந்தார்கள். கால் நூற்றாண்டு!

இதற்கு எதிரில் இன்னொரு மரணத்தை வைத்துப் பார்க்கலாம். 1967 ஏப்ரல் 24 அன்று சோயுஸ்-1 திரும்பும்போது பாராசூட் சரியாக விரியாமல் கலம் தரையில் மோதியது. விளாதிமிர் கமரோவ் இறந்தார். இந்தச் சாவை அன்றே அறிவித்தார்கள். அரசு மரியாதையுடன் கிரெம்ளின் சுவரில் இடம் கொடுத்தார்கள். ஆக, மரணம் என்றாலே மறைப்பது என்பதல்ல அரசின் விதி. காவியத்துக்குள் வைக்கக்கூடிய மரணம், வைக்க முடியாத மரணம் என்று இரண்டு வகை இருந்தது. கமரோவ் வானத்திலிருந்து விழுந்தார். கமரோவின் பயணமும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டிருந்தது. பொந்தரென்கோ ஒரு துண்டுப் பஞ்சாலும் ஒரு அடுப்பாலும் செத்தார். பட்டறையில், ஆலையில், கிடங்கில் தொழிலாளிகள் தினம் தினம் சாகிற மாதிரியான சாவு அது. தொழிலாளிகளின் பெயரால் ஆண்ட அரசுக்குத் தொழிலாளி சாவதைப்போன்ற ஒரு சாவைச் சொல்ல மொழியில்லாமல் போயிற்று.

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்போலோ-1 கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்ஸிஜனில் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூன்று பேரும் இறந்தார்கள். அங்கேயும் கதவைத் திறக்க முடியவில்லை. பொந்தரென்கோவின் சாவைச் சொல்லியிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆக்ஸிஜன் தீயின் ஆபத்தை அமெரிக்கப் பொறியாளர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆனால் இந்த இரண்டு தீயையும் சேர்த்துப் பேசும் வாய்ப்பு அன்று யாருக்குமே இல்லாமல் போனது. மறைத்தலின் விளைவு இதுதான். சாவு பாடமாகக்கூட மாறுவதில்லை.

4

சரி, அழிக்கப்படாத முகத்தைப் பார்ப்போம். ககாரின் மட்டும் முழுசாகச் சொல்லப்பட்டாரா?

வோஸ்தோக் கலம் தானியங்கியாக ஓடியது. எடையற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடலாம் என்று பயந்து கைக்கட்டுப்பாட்டைப் பூட்டிவைத்தார்கள். திறக்கும் எண்ணை ஒரு உறையில் போட்டு ஒட்டிக் கலத்துக்குள் வைத்தார்கள். ஆபத்து வந்தால் உறையைப் பிரித்து எண்ணைப் படித்து அழுத்த வேண்டும். அந்த எண் 125. இதில் வேடிக்கை என்னவென்றால், பறப்பதற்கு முன்னாலேயே அந்த எண்ணை ககாரினிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டார்கள், அதுவும் ஒருவர் அல்ல. அமைப்பு மனிதனை நம்பவில்லை. அமைப்புக்குள் இருந்த மனிதர்கள் மனிதனை நம்பினார்கள். எனக்கு இந்த முழுப் பயணத்திலும் பிடித்த இடம் இது. அதிகாரபூர்வக் கதையில் இதற்கு வெகுகாலம் இடமில்லை.

திரும்பும்போது கருவிப் பகுதி சரியாகப் பிரியாமல் கலம் சில நிமிடங்கள் சுழன்றது. ஏறக்குறைய 7 கிலோமீட்டர் உயரத்தில் ககாரின் இருக்கையோடு வெளியே வீசப்பட்டு, தனிப் பாராசூட்டில் சராதவ் வட்டாரத்து வயலில் இறங்கினார். முதலில் பார்த்தவர்கள் ஒரு கிராமத்துப் பாட்டியும் பேத்தியும். ஆனால் விமானி தன் கலத்தோடுதான் தரையிறங்க வேண்டும் என்பது அன்றைய சர்வதேச வான்பயணச் சம்மேளனத்தின் விதி. சாதனை பதிவாகாமல் போய்விடுமே! எனவே கலத்துக்குள்ளேயே இறங்கினார் என்று எழுதினார்கள். 1971இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள். வயல்வெளியே சாட்சியாக நிற்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இது. பாராசூட்டில் குதித்தது அவமானமா? 7 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததுதானே கூடுதல் துணிச்சல்? துணிச்சலையே மறைக்கிற அளவுக்குப் போனது பெருமையின் கணக்கு.

5

1962இல் ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1963 ஜூன் 16 அன்று ஜவுளி ஆலைத் தொழிலாளியான வலந்தீனா தெரஷ்கோவா வோஸ்தோக்-6இல் போய், 48 முறை பூமியைச் சுற்றி, மூன்று நாளில் திரும்பினார். அப்பா டிராக்டர் ஓட்டுநர், ஃபின்லாந்துப் போரில் இறந்தவர். மறுபடியும் சரியான வாழ்க்கை வரலாறு. பயணத்தில் கலத்தின் திசையமைப்பு தப்பாக இருந்தது. இறங்குவதற்குப் பதில் மேலே போகும்படி அமைந்திருந்தது. அதைக் கவனித்துச் சொன்னவர் அவரே. கீழிருந்து திருத்தினார்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று கொரல்யோவ் கேட்டுக்கொண்டார்; அவரும் பல பத்தாண்டுகள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ‘பொம்பளை சரியாகச் செய்யவில்லை’ என்ற பேச்சு மட்டும் தாராளமாகப் புழங்கியது. தவறைக் கண்டுபிடித்தவர் மேலேயே தவறு விழுந்தது.

மற்ற நான்கு பேர்? பெயர்களையாவது எழுதிவைப்போம்: இரீனா சொலவ்யோவா, வலந்தீனா பனமர்யோவா, தத்யானா குஸ்னெத்சோவா, ழான்னா யோர்கினா. ஒருவர்கூடப் பறக்கவில்லை. 1969இல் குழுவையே கலைத்துவிட்டார்கள். அடுத்த பெண் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா பறந்தது 1982இல், 19 ஆண்டு கழித்து. பெண் விடுதலை ஒரு தடவை படம் எடுத்தாகிவிட்டது, போதும் என்று நினைத்தார்கள் போல.

அமெரிக்கா யோக்கியமா என்றால் இல்லை. அங்கே முதல் ஏழு வீரர்களின் சொந்தக் கதைகளைச் சொல்லும் உரிமை 1959இலேயே ‘லைஃப்’ இதழுக்கு விற்கப்பட்டது. விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளைத் தனிப்பட்ட முறையில் எழுதித் தேறிய 13 பெண்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இங்கே தணிக்கை, அங்கே சந்தை. ஆனால் சந்தையின் பொய்யை நாம் எளிதில் அடையாளம் கண்டுவிடுகிறோம். நம்முடையது என்று நினைத்ததன் பொய்தான் நமக்குச் சிக்கல்.

6

அழிப்புக்கு எதிர்பாராத ஒரு பலன் உண்டு. காணாமல் போன முகத்தைக் கண்டுபிடித்த மேற்குலகில், இவர்களெல்லாம் விண்வெளியில் செத்து மறைக்கப்பட்டவர்கள் என்ற வதந்தி வளர்ந்தது. ககாரினுக்கு முன்னாலேயே பலர் போய்ச் செத்தார்கள், அவர்களின் கடைசிக் குரலை வானொலியில் பிடித்தோம் என்று இத்தாலியில் இரண்டு சகோதரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சோவியத் யூனியன் உடைந்து ஆவணங்கள் திறந்த பிறகு அப்படி ஒரு சாவுக்கும் சான்று கிடைக்கவில்லை. குடித்துத் தகராறு செய்த ஒரு விமானியின் முகத்தை மறைக்கப்போய், நடக்காத கொலைகளுக்குச் சாட்சியம் தயாரித்துக் கொடுத்தார்கள். எதிரி எழுத வேண்டிய கதையை இவர்களே எழுதினார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு மனிதன் விண்வெளிக்குப் போனது ஒரு மனிதனின் காரியமல்ல. முகாமில் பல்லை இழந்த பொறியாளர், எரிந்துபோன 24 வயதுப் பையன், மூன்றாம் இடத்தில் காத்திருந்தவர், பறக்காத நான்கு பெண்கள், எண்ணைக் காதோடு சொன்னவர்கள், பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் எல்லோரும் சேர்ந்து செய்தது. வரலாற்றைப் படைப்பது கூட்டு உழைப்புதான் என்று சொல்லிவந்த ஒரு தத்துவத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்குமா? கையில் இருந்த அந்தச் சான்றை அழித்துவிட்டு, அதற்குப் பதில் ராஜா காலத்துக் காவியம்போல ஒற்றை நாயகனை நிறுத்தினார்கள். இதில் ககாரினின் குற்றம் எதுவுமில்லை. 1968 மார்ச் 27 அன்று, 34 வயதில், பயிற்சி விமானம் விழுந்து செத்துப்போன அவரும் அந்தச் சிரிப்புக்குள் அடைக்கப்பட்டவர்தான்.

இதைச் சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது சுலபம். நான் ககாரின் படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. நாமும் சங்கம் நடத்துகிறோம், மலர் போடுகிறோம், போராட்ட வரலாறு எழுதுகிறோம். விலகிப்போனவரை, விலக்கப்பட்டவரை, குடித்தவரை, மன்னிப்புக் கேட்க மறுத்தவரை அதில் எந்த வரிசையில் வைக்கிறோம்? அடுத்த முறை ஒரு குழுப் புகைப்படம் அச்சுக்குப் போகும்போது பின்வரிசையை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.