சொல்வன்மைக் கலையும் காணி வழக்கும்

மொழி பயிலும் மாணவர்க்குச் சொல்வன்மை, வாதமுறை, தொனி என்பவற்றைக் கற்பிக்கும்போது கலைச்சொற்களின் பட்டியலொன்றை அவர் கையிற் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் மனனஞ் செய்கின்றனர், பரீட்சையில் எழுதுகின்றனர், மறந்துவிடுகின்றனர். இச்சொற்கள் எவருடைய தேவையிற் பிறந்தன என்று நாம் கேட்பதேயில்லை. மேனாட்டு மரபிலே இக்கலையின் தோற்றத்தைத் தேடிச் சென்றால், நாம் போய்ச் சேருமிடம் காணி வழக்கு.

சிசிலித் தீவிலுள்ள சிராக்கூஸ் நகரில் கி. மு. 466ஆம் ஆண்டளவிற் கொடுங்கோலாட்சி வீழ்ந்தது. கொடுங்கோலர் மக்களை இடம்பெயர்த்துக் கூலிப்படையினரைக் குடியேற்றியிருந்தனர். எனவே பறிபோன உடைமைகளை மீட்கும் வழக்குகள் மலிந்தன. அவ்வேளையிற் கோராக்ஸ், தீசியாஸ் என்னும் இருவர் வாதிடுவதற்கு விதிகள் வகுத்தனர் என்பது, அரிஸ்டோட்டில் கூறியதாகச் சிசெரோ தரும் செய்தி. சாட்சியில்லாதவன் எதைக் கொண்டு வாதிடுவான்? எது நடந்திருக்கக்கூடியது என்பதைக் கொண்டே. மெலிந்தவனொருவன் வலியவனை அடித்தானென்று வழக்கு வந்தால், அது நடக்கக்கூடியதா என அவன் கேட்கலாம். வலியவனோ, தன்மீதே ஐயம் விழுமென அறிந்தும் தான் அடித்திருப்பானா என்று கேட்பான்! இப்பின்னைய வாதத்தின் புரட்டை அரிஸ்டோட்டிலே எடுத்துக்காட்டியுள்ளார். எளியவனுக்குக் கைகொடுத்த வாதம் எத்தனுக்கும் கைகொடுத்தது.

அதே சிராக்கூஸிலிருந்து ஏதென்ஸ் சென்று குடியேறிய கெபாலஸ் என்பவரின் மகனே லிசியாஸ். ஏதென்ஸில் வழக்காளி தன் வாயாலேயே பேசுதல் வேண்டும். பேச்சுவன்மை இல்லாதோர் கூலிகொடுத்து உரை எழுதுவித்து ஒப்புவித்தனர். குடியுரிமையற்ற லிசியாஸ் இவ்வாறு பிறர்க்கு எழுதிக்கொடுத்தார். தம் குரலை மறைத்து வழக்காளியின் குரலை உரையில் ஏற்றுவதே அவர் திறன். தொனி என்று நாம் கற்பிப்பதற்கு இதனினுஞ் சிறந்த பாடம் அரிது.

அவர் பெயரால் வழங்கும் உரையொன்று, நாளொன்றுக்கு ஓர் ஒபல் உதவிப்பணம் பெற்ற மாற்றுத்திறனாளி ஒருவருடையது. அவர் குதிரையேறுகிறார், ஆகவே வசதியுள்ளவர் என்று ஒருவன் முறையிட்டான். அவரோ, வசதியிருந்தால் இரவற் குதிரையில் ஏறாது சொந்தக் கோவேறு கழுதையில் அமர்ந்திருப்பேனே என்கிறார். தாம் உடல் வலியுடையவரென்றால், நகரின் உயர் பதவிக்குத் திருவுளச்சீட்டில் தம்மையும் சேர்க்கலாமே என்றும் எள்ளுகிறார். 500 பேர் கொண்ட அவையின் முன் ஓர் ஏழை கெஞ்சவில்லை, நகைக்கிறார். பேசுவோன் பண்பு, கேட்போர் உணர்ச்சி, வாதத்தின் நியாயம் என அரிஸ்டோட்டில் பின்னாளில் வகுத்த மூன்றும் அச்சிறு உரையில் முன்னரே செயற்படுகின்றன. இலக்கணம் பிந்தியே வந்தது.

ஆனால் இக்கருவி எல்லோர்க்கும் எட்டவில்லை. பெண்கள் நீதிமன்றிற் பேச இயலாது. அடிமையின் சாட்சியமோ பொதுவாகச் சித்திரவதையின் மூலம் பெறப்பட்டாலன்றி ஏற்கப்படாது. லிசியாஸின் குடும்பம் கேடயத் தொழிற்சாலை வைத்திருந்தது. கி. மு. 404இல் ஆட்சியைப் பிடித்த முப்பதின்மர் அவர் தமையனைக் கொன்று உடைமைகளைப் பறித்தனர். மறுவருடம் மக்களாட்சி மீண்டதும் அக்கொடுமையை எதிர்த்து அவர் ஆற்றிய உரை இன்றும் படிப்போர் நெஞ்சை அசைக்கின்றது. அவ்வுரையிற் பறிபோன பொருள்களின் கணக்கும் வருகிறது: கேடயங்கள், பொன், வெள்ளி, செம்பு, பெண்டிர் ஆடைகள், அவற்றோடு ஒரே வரிசையில் 120 அடிமைகள்.