திறந்த வெளியில் திரைப்படம்

வரலாறு என்றதும் மன்னர்கள் நடத்திய போர்களும் அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் மாலைப் பொழுதில் எங்கே கூடினார்கள், எதைக் கண்டு மகிழ்ந்தார்கள், யாரை உள்ளே அழைத்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பனவும் வரலாறே ஆகும். பல ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு கற்பித்த நான், அத்தகைய சிறு வரலாறு ஒன்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

காரில் அமர்ந்தவாறே திரைப்படம் பார்க்கும் திறந்த வெளி அரங்கினை டிரைவ்-இன் என்பர். அது அமெரிக்க நாட்டில் பிறந்தது. பின்னாளில் அந்நாட்டில், அக்கம்பக்கத்து மக்களே ஒன்று சேர்ந்து ஓர் இரவுக்கு மட்டும் அத்தகைய காட்சியை அமைத்து, படம் முடிந்ததும் அனைத்தையும் கலைத்து எடுத்துச் செல்லும் வழக்கம் தோன்றியது. அது தோன்றிய வரலாறு யாது? அது நமக்கு உணர்த்துவது யாது? இவ்விரண்டையும் காண்போம்.

டிரைவ்-இன் பிறப்பதற்கு முன்னரே, அந்நாட்டின் நடுமேற்குப் பகுதிச் சிற்றூர்களில் கோடைக்கால இலவசப் படக்காட்சிகள் நடைபெற்றன. ஊர்க் கடைக்காரர்கள் பணம் திரட்டி, ஊர் ஊராகச் செல்லும் படக்காட்சியாளரை வரவழைப்பார்கள். கட்டடம் ஒன்றின் சுவரில் வெள்ளைத் திரை தொங்கும். சுற்றுப்புறத்து உழவர்கள் குடும்பத்தோடு வந்து படம் பார்ப்பார்கள். வந்த இடத்தில் வேண்டிய பொருள்களையும் வாங்கிச் செல்வார்கள். வணிகர்க்கு வாணிகம், மக்களுக்கு மகிழ்ச்சி. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற ஏற்பாடு அது.

இதனைத் தனியொரு தொழிலாக மாற்றியவர் நியூ ஜெர்சி மாநிலத்து ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பவர். அவர் தம் வீட்டு முன்றிலையே ஆய்வுக்கூடமாக்கிக் கொண்டார். காரின் முன்மூடியின் மீது படம் காட்டும் கருவியை வைத்தார். மரங்களுக்கிடையே வெள்ளைத் துணியைக் கட்டினார். துணிக்குப் பின்னால் வானொலிப் பெட்டியை வைத்து ஒலி எழுப்பினார். மழை பெய்தால் படம் தெரியுமா என்று அறிய, தோட்டத்துக்கு நீர் தெளிக்கும் கருவியால் காரின்மீது நீரைப் பொழிந்து பார்த்தார். முன்னால் நிற்கும் கார் பின்னால் நிற்பவரின் பார்வையை மறைக்குமே! அதற்கும் வழி கண்டார். முன் சக்கரங்களின் அடியில் கட்டைகளை வைத்து, எவ்வளவு உயர்த்தினால் பார்வை தடைப்படாது என்று அளந்தார். 1933 மே 16ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த மாதம் 6ஆம் நாள் கேம்டன் நகரை அடுத்த பென்சாக்கன் என்னும் இடத்தில் முதல் டிரைவ்-இன் திறக்கப்பட்டது. காருக்கு 25 சென்ட். ஆளுக்கு 25 சென்ட். ஒரு குடும்பத்துக்கு ஒரு டாலருக்கு மேல் இல்லை.

பின்னர் இத்தொழில் விரைந்து வளர்ந்தது. தொடக்கத்தில் திரையருகே வைத்த பெரிய ஒலிபெருக்கிகள் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்தன. 1941இல் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே மாட்டும் சிறிய ஒலிபெருக்கி வந்து அக்குறை நீங்கியது. 1949இல் நீதிமன்றம் ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமை செல்லாது என்று தீர்ப்பளித்தபின், எவரும் அரங்கு கட்டலாம் என்றாயிற்று. 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 டிரைவ்-இன்கள் இருந்தன.

இவ்விடத்தில் சற்றே நிற்போம். வானமே கூரை, சுவர்களே இல்லை என்று பெருமையாகப் பேசப்பட்ட அவ்வரங்குகள் எல்லோருக்கும் திறந்திருந்தனவா? இல்லை. தென் மாநிலங்களில் பல அரங்குகள் கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி நிறுத்தின. சில, உள்ளே விடவே மறுத்தன. கார் இல்லாத ஏழைக்கோ, அவன் எந்நிறத்தவனாயினும், அங்கே இடம் கிடைப்பது அரிது. கூரையை நீக்கிவிட்டால் மட்டும் ஓர் இடம் பொதுவிடம் ஆகிவிடாது. வாயிலையும் திறந்து வைக்க வேண்டும். இவ்வரலாற்றில் நீங்கள் மறவாது கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

வளர்ந்த தொழில் தேய்ந்தது. நகரங்கள் விரியவே நிலத்தின் விலை ஏறியது. இரவில் மட்டும் வருவாய் தரும் பரந்த நிலத்தை வைத்திருப்பதைக் காட்டிலும் விற்றுவிடுவதே இலாபம் என்றாயிற்று. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் வழக்கத்தால் இருட்டுவதற்கும் நேரமாயிற்று. தொலைக்காட்சியும், பின்பு வீடியோவும் மக்களை வீட்டிலேயே இருத்தின. இறுதியில் எஞ்சியவை சில நூறு அரங்குகளே.

நிலம் வைத்திருந்தவர்கள் கைவிட்ட கலையை, நிலமே இல்லாதவர்கள் கையில் எடுத்தார்கள். 2002இல் கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா குரூஸ் நகரில் ஒரு குழுவினர், கிடங்குச் சுவர்களிலும் வெட்டவெளிகளிலும் இலவசமாகப் படம் காட்டத் தொடங்கினார்கள். பயனற்றுக் கிடக்கும் பொதுவிடங்களை மக்கள் மீண்டும் கூடும் இடங்களாக்குவதே அவர்களின் நோக்கம். காரில் வருவோர் வரலாம். போர்வையும் நாற்காலியும் கொண்டு நடந்து வருவோரும் வரலாம். 2005இல் அதே மாநிலத்துப் பெர்க்லி நகரில் மாப்மவ் என்னும் அமைப்பு தோன்றியது. காரையே காட்சிக் கூடமாக்கும் முறையை அது பரப்பியது. பல நாடுகளில் அதற்குக் கிளைகள் தோன்றின.

இதன் அமைப்பு எளியது. கார் மின்கலத்தின் மின்சாரத்தை இன்வெர்ட்டர் என்னும் கருவி வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும். அதில் சிறிய புரொஜெக்டர் இயங்கும். வெள்ளைச் சுவரே திரை. ஒலியைக் குறைந்த ஆற்றலுள்ள எஃப்.எம். கருவி ஒன்று பரப்ப, ஒவ்வொருவரும் தம் கார் வானொலியில் கேட்டுக் கொள்வர். உரிமம் பெறாத அத்தகைய கருவியின் அலை ஏறத்தாழ 200 அடிக்கு மேல் செல்லலாகாது என்னும் அளவில் அமெரிக்காவின் விதி அமைந்துள்ளது. ஹாலிங்ஸ்ஹெட் தம் முன்றிலில் வைத்திருந்த கார், துணி, வானொலி ஆகிய மூன்றும் எழுபது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒன்று சேர்ந்ததைக் காணுங்கள்!

நம் நாட்டு மக்களுக்கு இக்காட்சி முற்றிலும் புதியதன்று. 1905ஆம் ஆண்டிலேயே திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். என் இளமையில் டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்தவன் நான். அரசின் விளம்பர வண்டி பள்ளித் திடலுக்கு வந்து செய்திப்படம் காட்டும் நாளில் ஊரே திரண்டு வரும். முன்புறத்தில் இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்புறம் அமர்வார்கள். அவர்களுக்கு எழுத்துகளெல்லாம் இடம் வலம் மாறித் தோன்றும். என்றும் பின்புறத்திலேயே அமர்பவர் யார் என்று நோக்கினால், அந்த ஊரின் சமுதாய வரலாறு விளங்கிவிடும்.

பொதுவிடத்தில் படம் காட்டுவோர்க்குக் கடமைகளும் உண்டு. கடையில் வாங்கிய படத்தை வீட்டில் பார்க்கலாம். பலர் கூடும் இடத்தில் காட்ட வேண்டுமாயின் உரிமையாளரின் இசைவு வேண்டும். உரிமைக்காலம் முடிந்த படங்களுக்கு அத்தடை இல்லை. 1968இல் வெளிவந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்னும் படத்தில் உரிமை அறிவிப்பைச் சேர்க்காது விட்டதால், அது அமெரிக்காவில் அன்றே பொதுச்சொத்தாயிற்று. இடத்துக்கு உரியவரின் அனுமதியும், அண்டை வீட்டாரின் அமைதியும், காட்சிக்குப் பின் குப்பையகற்றலும் மறக்கத் தகாதவை.

2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் உலகெங்கும் திரையரங்குகள் மூடப்பட்டபோது, இச்சிறு வழக்கத்தின் பெரும்பயன் விளங்கிற்று. லிதுவேனியா நாட்டில் விமானங்கள் ஓய்ந்து கிடந்த வில்னியஸ் விமான நிலையத்தில், ஏப்ரல் 29ஆம் நாள் கார்களை வரிசையாக நிறுத்திக் கொரிய நாட்டுப் 'பாரசைட்' படத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம் தன் 160 கடைகளின் கார் நிறுத்துமிடங்களில் படம் காட்டியது. அந்நாட்டுப் பள்ளிகள் பல, தம் மாணவர்களின் பட்டமளிப்பு விழாவையே டிரைவ்-இன்களில் நடத்தின. உங்களைப் போன்ற இளைஞர்கள் காரில் அமர்ந்திருக்க, அவர்கள் பெயரும் படமும் பெருந்திரையில் தோன்றின. பெற்றோர் கைதட்டியதற்கு ஈடாகக் கார்கள் ஒலியெழுப்பின. ஆயினும், கார் இல்லாத வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன என்னும் பழைய கேள்வி அங்கும் எழத்தான் செய்தது.

நண்பர்களே! இன்று ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் தனித்தனியே படம் பார்க்கின்றோம். அருகில் இருப்பவர் சிரித்ததும் நமக்குத் தெரிவதில்லை. கண்ணீர் விட்டதும் தெரிவதில்லை. உங்கள் பள்ளித் திடலிலோ ஊர்ச் சாவடியிலோ, உரிய இசைவு பெற்று, நல்ல படம் ஒன்றைக் காட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணியும் சிறு கருவியும் போதும். ஆனால் பாய் விரிக்கும் முன்னர் ஊரைச் சுற்றி வாருங்கள். அழைக்கப்படாத தெரு ஒன்றேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் முதலில் அங்கே சென்று அழையுங்கள். திரையின் முன்புறத்தில் அனைவர்க்கும் இடம் இருக்கட்டும்.